குறட்டை இல்லை அது: ஒரு விளையாட்டுக் கிளப்பும் அதன் குடும்பங்களும் சிபிஆர் கற்ற நிகழ்வு ஆய்வு

மாலைப் பயிற்சியின் நடுவில் ஒரு இளம் கால்பந்து வீரர் சுருண்டு விழுந்தார். சுற்றி இருபது பேருக்கு மேல் இருந்தார்கள். ஒருவர் ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்து முகத்தில் தெளித்தார். இன்னொருவர் தலையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். மற்றொருவர் காற்று வரட்டும் என்று எல்லாரையும் விலக்கிக்கொண்டிருந்தார். நாலைந்து பேர் கையில் போன் இருந்தது. ஆனால் அவசர எண்ணுக்கு யாரும் அழைக்கவில்லை. அடுத்தவர் அழைத்திருப்பார் என்று ஒவ்வொருவரும் நினைத்துக்கொண்டார்கள். கொஞ்ச நேரத்தில் அந்தப் பையன் தானாகவே கண் திறந்தான். வெறும் மயக்கம்தான். அன்று இரவு கிளப் செயலாளர் எனக்குப் போன் செய்தபோது அவர் குரலில் நடுக்கம் இருந்தது. "சார், அவனுக்கு ஒண்ணும் ஆகல. ஆனா ஏதாவது ஆகியிருந்தா நாங்க என்ன பண்ணியிருப்போம்னு யோசிச்சா தூக்கம் வரமாட்டேங்குது."

நான் முதலுதவிப் பயிற்சி தருகிறவன். அந்தப் போன் அழைப்பில் தொடங்கி ஒன்றரை ஆண்டு நடந்த சிபிஆர் வகுப்புகளை, அதாவது இதயம் நின்றவரின் மார்பை அழுத்தி ரத்தத்தை ஓடவைக்கிற முதலுதவி வகுப்புகளைப் பற்றியது இந்த ஆய்வு. கிளப்பின் பெயரும் ஆட்களின் பெயரும் இதில் வராது. எங்களைப்போல ஒரு சங்கத்திலோ குடியிருப்பிலோ கிளப்பிலோ வகுப்பு எடுக்க நினைப்பவர்களுக்கு நாங்கள் எங்கே சறுக்கினோம், எங்கே பிடித்தோம் என்பது தெரிய வேண்டும் என்பதற்காகவே எழுதுகிறேன்.

முதல் சுற்று

கிளப் கேட்டது எளிமையானது: வீரர்களுக்கு ஒரு மாலை, ஒரே வகுப்பு. நானும் ஒப்புக்கொண்டேன். முக்கால் மணி நேரம் திரையில் படம் போட்டு விளக்கினேன். மாரடைப்பு வேறு, இதயம் நின்றுபோவது வேறு என்பதில் தொடங்கினேன். மாரடைப்பு என்பது இதயத்துக்குப் போகிற ரத்தக் குழாயில் அடைப்பு. அந்த ஆள் பெரும்பாலும் நினைவோடு இருப்பார், நெஞ்சு வலிக்கிறது என்று சொல்வார். இதயம் நின்றுபோவதில் மின்துடிப்பே குலைந்துவிடுகிறது. நின்றுகொண்டிருந்தவர் அப்படியே சரிவார், கூப்பிட்டால் பதில் வராது. முதலாவது இரண்டாவதில் கொண்டுபோய் விடலாம் என்பதால்தான் மக்கள் இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறார்கள்.

எண்களையும் சொன்னேன். பெரியவர்களுக்கு மார்பின் நடுவில் 5 முதல் 6 சென்டிமீட்டர் ஆழம், நிமிடத்துக்கு 100 முதல் 120 அழுத்தம். மூச்சு கொடுக்கப் பழகியவர்கள் 30 அழுத்தத்துக்கு 2 மூச்சு. எதுவும் செய்யாமல் கழிகிற ஒவ்வொரு நிமிடமும் பிழைக்கிற வாய்ப்பை 7 முதல் 10 விழுக்காடு வரை அரித்துக்கொண்டு போகிறது. 2021 ஜூன் 12 அன்று கோபன்ஹேகனில் யூரோ போட்டியின்போது டென்மார்க் கால்பந்து வீரர் கிறிஸ்டியன் எரிக்சன் இதயம் நின்று மைதானத்தில் விழுந்ததை வந்திருந்த எல்லாரும் நேரலையில் பார்த்திருந்தார்கள். அதைப் பற்றிப் பேசியபோது அறை நிசப்தமாகிவிட்டது. பிறகு இருபது நிமிடம், மனித உடல் வடிவிலான இரண்டே பயிற்சிப் பொம்மைகளை வைத்து ஆளுக்குக் கொஞ்ச நேரம் அழுத்திப் பார்த்தார்கள். கைதட்டினார்கள், குழுப்படம் எடுத்தோம். திருப்தியோடு வீடு போய்ச் சேர்ந்தேன்.

நாலு மாதம் கழித்து, செயலாளருக்கு மட்டும் சொல்லிவிட்டு, பயிற்சி நேரத்தில் ஒரு பொம்மையோடு மைதானத்துக்குப் போனேன். அதைப் புல்லில் கிடத்திவிட்டு, "இவர் இப்போ விழுந்துட்டார். யாராவது வாங்க" என்றேன். வகுப்பில் முன்வரிசையில் உட்கார்ந்து குறிப்பெடுத்த ஒருவர்தான் முதலில் வந்தார். மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்க்க ஆரம்பித்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். அடுத்தவர் கையை வயிற்றுக்குப் பக்கத்தில் வைத்தார். மூன்றாமவருக்கு இடம் சரியாக இருந்தது, ஆனால் முழங்கையை மடக்கி மடக்கி அழுத்தியதில் மார்பு அரைகுறையாகத்தான் இறங்கியது. யாரும் போனை எடுக்கவில்லை. எண்களைக் கேட்டால் மட்டும் ஒப்பித்தார்கள்: 100 முதல் 120, 5 முதல் 6. மனப்பாடம் வாயில் இருந்தது, கைக்கு இறங்கவில்லை.

தவறு அவர்களுடையது அல்ல. சிபிஆர் திறன் மூன்று முதல் ஆறு மாதங்களில் தேய ஆரம்பித்துவிடும் என்பது பயிற்சித் துறையில் இருக்கிற எல்லாருக்கும் தெரிந்த விஷயம், எனக்கும் தெரியும். தெரிந்தும் ஒரே வகுப்போடு முடித்துக்கொண்டது என் பிழை. இருந்த நேரத்தில் பெரும்பகுதியைக் காதுக்கும் கொஞ்சத்தைக் கைக்கும் கொடுத்தது அதைவிடப் பெரிய பிழை. நாடி பார்க்கச் சொல்லியே நான் கொடுக்கவில்லை. பயிற்சி இல்லாதவர்கள் நாடி தேட வேண்டாம், பதட்டத்தில் அவர்களுக்கு அது பிடிபடாது. இருந்தும் அவர் பார்த்தார். பார்த்தே பழகிய காட்சி கைக்கு முதலில் வருகிறது. அதை இடம்பெயர்க்க ஒரு மாலை போதாது.

ஏன் குடும்பங்கள்

இரண்டாம் சுற்றைத் திட்டமிட உட்கார்ந்தபோது நான் ஒரு கேள்வி கேட்டேன்: "இந்தக் கிளப்பில் இருப்பவர்களில் யாருக்கு இதயம் நிற்க அதிக வாய்ப்பு? அது எங்கே நடக்கும்?" இளம் வீரர் மைதானத்தில் விழுவது உலகச் செய்தியாகிறது. ஆனால் மருத்துவமனைக்கு வெளியே இதயம் நிற்கிற சம்பவங்களில் பெரும்பாலானவை நடப்பது வீட்டில். விழுவது வீரரின் அப்பாவாக இருக்கலாம், தாத்தாவாக இருக்கலாம். அப்போது பக்கத்தில் நிற்கப்போவது அம்மா, பாட்டி, பள்ளிக்கூடம் போகிற பிள்ளை. மைதானத்தில் கோச் இருக்கிறார், மேலாளர் இருக்கிறார், பத்துப் பேர் இருக்கிறார்கள். வீட்டில் பல நேரம் ஒரே ஒரு ஆள்தான். அந்த ஒரு ஆளுக்கு நாங்கள் வகுப்பே எடுக்கவில்லை.

செயலாளர் கொஞ்சம் தயங்கினார். குடும்பங்கள் வந்தால் கூட்டம், பிள்ளைகள் சத்தம், பொம்மைக்கு எங்கே போவது என்றார். நியாயமான தயக்கம்தான். ஆனால் சமூகம் முழுக்கக் கற்றுக்கொடுத்த இடங்களில் என்ன நடந்தது என்பதற்குக் கண்ணெதிரே சான்று இருக்கிறது. அமெரிக்காவின் சியாட்டிலில் 1970களின் தொடக்கத்திலேயே லியோனார்ட் காப் என்ற இதயநோய் மருத்துவர் தீயணைப்புத் துறையோடு சேர்ந்து பொதுமக்களுக்கு சிபிஆர் கற்றுக்கொடுக்க ஆரம்பித்தார். டென்மார்க் 2005இல் பள்ளிகளில் இதைக் கட்டாயமாக்கியது. 2006இலிருந்து ஓட்டுநர் உரிமம் வாங்கவும் இந்தப் பயிற்சி வேண்டும். அங்கே அருகில் இருந்தவர்கள் சிபிஆர் செய்தது 2001இல் சுமார் 21 விழுக்காடாக இருந்து 2010இல் சுமார் 45 விழுக்காடானது. 30 நாள் கழித்தும் உயிரோடு இருந்தவர்கள் 3.5 விழுக்காட்டிலிருந்து 10.8 விழுக்காடானார்கள். ஆம்புலன்ஸ், மருத்துவமனைச் சிகிச்சை எல்லாமே அந்தப் பத்தாண்டில் மேம்பட்டன, பெருமை முழுவதும் வகுப்புகளுக்கு மட்டும் போகாது. ஆனாலும் மக்கள் கை வைக்கத் தொடங்கியதற்கும் அதில் பங்கு உண்டு. இதைச் சொன்ன பிறகு செயலாளர் தன் அம்மாவையே முதல் வகுப்புக்கு அழைத்துவந்தார்.

இரண்டாம் சுற்று ஆறு மாலைகள். திரை, படம் எதுவும் இல்லை. மூன்று பேருக்கு ஒரு பொம்மை. வந்து செருப்பைக் கழற்றியதும் முட்டி போட வேண்டும், விளக்கமெல்லாம் அழுத்திக்கொண்டே. சொல்லிக்கொடுத்த வரிசை மூன்றே சொல்: பார், கூப்பிடு, அழுத்து. தோளைத் தட்டிக் கூப்பிட்டுப் பார். பதில் இல்லை, மூச்சு இயல்பாக இல்லை என்றால் அவசர எண்ணுக்குக் கூப்பிடு, ஸ்பீக்கரில் போட்டுப் போனைத் தரையில் வை. பல இடங்களில் மறுமுனையில் இருப்பவரே எண்ணிக்கை சொல்லி வழிநடத்துவார். கை இரண்டும் காலியாக இருக்கிறது, இனி அழுத்து.

முதல் மாலையில் ஒரு அம்மா அழுத்தியதை இன்னும் நான் மறக்கவில்லை. உள்ளங்கையின் அடிப்பகுதியை மார்பின் நடுவில் வைத்தார், மற்ற கையை அதன்மேல் கோத்தார். தொடக்கத்தில் தொட்டும் தொடாமலும் அழுத்தினார். "இன்னும் ஆழமா அம்மா." "வலிக்காதா தம்பி?" என்று பொம்மையைப் பார்த்தபடியே கேட்டார். பக்கத்திலிருந்த அவர் மகள் சிரிக்கவில்லை, அவர் முழங்கையைப் பிடித்து நேராக்கினாள். தோள் கைக்கு நேர்மேலே வந்தது. உடம்பின் எடை இறங்கியதும் பொம்மைக்குள்ளிருந்து 'டிக்' என்று ஒரு சத்தம். ஆழம் சரியாகப் போனால் அந்த மாதிரிப் பொம்மை எழுப்புகிற சத்தம். அவர் நிமிர்ந்து பார்த்தார். அப்புறம் டிக், டிக், டிக் என்று போய்க்கொண்டே இருந்தது. ஒரு நிமிடம் ஆவதற்குள் நெற்றியில் வேர்வை. இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாற வேண்டும் என்பதை அவருக்கு நான் விளக்கவே வேண்டியிருக்கவில்லை.

விலா எலும்பு உடையலாம் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுவேன். சொல்லாவிட்டால் முதல் சத்தம் கேட்டதும் கையை எடுத்துவிடுவார்கள். எலும்பு ஆறிவிடும். இதயம் நின்றவர் அழுத்தம் இல்லாமல் ஆறப்போவதில்லை. ஒவ்வொரு அழுத்தத்துக்கும் பிறகு மார்பை முழுதாக மேலே எழ விட வேண்டும் என்பதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருந்தது. களைத்தவர்கள் மேலேயே சாய்ந்துகொண்டு அழுத்துகிறார்கள், இதயம் மறுபடி ரத்தத்தால் நிரம்ப இடமே இருப்பதில்லை.

அந்த மூச்சு

இரண்டாம் மாலைதான் இந்த ஆய்வின் மையம். இதயம் நின்ற முதல் சில நிமிடங்களில் பலருக்கு ஒரு விதமான மூச்சு வரும். கரையில் எடுத்துப் போட்ட மீன்போல வாய் திறந்து மூடும். விட்டு விட்டு, நெடுமூச்சாக, சில நேரம் குறட்டைபோல, சில நேரம் முனகல்போல. அது மூச்சு அல்ல. மூளைத்தண்டு கடைசியாக அனுப்புகிற அனிச்சைச் செயல். அதில் உடம்புக்குப் போதுமான காற்று போவதில்லை. பார்ப்பவர்கள் "மூச்சு இருக்கு, மூச்சு இருக்கு" என்று சொல்லிக்கொண்டு காத்திருந்து, காப்பாற்றக்கூடிய நிமிடங்களை இழப்பது இங்கேதான். போனில் ஆம்புலன்ஸ்காரர்களிடம்கூட "மூச்சு விடுறார்" என்றே சொல்லிவிடுகிறார்கள்.

அதை வாயால் செய்து காட்டினேன். தாடையைத் தொங்கவிட்டு, தொண்டையிலிருந்து ஒரு இழுப்பு. பிறகு நீண்ட மௌனம். மறுபடி ஒரு இழுப்பு. மூன்றாவது முறை செய்யும்போது பின்வரிசையில் ஒரு பெண்மணி எழுந்து வெளியே போனார். ஒரு வீரரின் அம்மா. நான் வகுப்பை உதவியாளரிடம் விட்டுவிட்டுப் பின்னாலேயே போனேன். படிக்கட்டில் உட்கார்ந்திருந்தார். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: "எங்க வீட்டுக்காரர் அன்னைக்கு ராத்திரி இப்படித்தான் சார் சத்தம் போட்டார். நான் குறட்டைன்னு நெனச்சு, திரும்பிப் படுங்கன்னு சொல்லிட்டுத் தூங்கிட்டேன்."

பயிற்சியாளராக இத்தனை ஆண்டு இருந்தும் அதற்கு என்னிடம் தயாரான பதில் இல்லை. பக்கத்தில் உட்கார்ந்தேன். யாரும் அவருக்கு இதைச் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை, தெரியாத ஒன்றைச் செய்யாமல் விட்டது குற்றம் ஆகாது என்று சொன்னேன். எல்லாம் சரியாகச் செய்தும் பலர் பிழைப்பதில்லை என்பதையும் சொன்னேன், அது உண்மை என்பதால். வேறொன்றும் சொல்லவில்லை. அன்று நான் கற்றது இது: ஒரு ஊரின் குடும்பங்களை ஒரே அறையில் கூட்டினால் அந்த அறையில் ஏற்கெனவே யாரையாவது பறிகொடுத்தவர்கள் இருப்பார்கள். அதற்கடுத்த வகுப்பிலிருந்து அந்தச் சத்தத்தைச் செய்து காட்டுவதற்கு முன்பு, "இப்போ ஒரு சத்தம் போடப் போறேன், சிலருக்கு யாரையாவது ஞாபகப்படுத்தலாம், வெளியே போகணும்னா போங்க, உதவியாளர் கூட வருவார்" என்று சொல்கிறேன். உதவியாளர் ஒருவர் இல்லாமல் அந்தப் பாடத்தை எடுப்பதே இல்லை.

கட்டிலும் பூட்டும்

நான் யோசித்தே இராத கேள்விகள் குடும்பங்களிடமிருந்துதான் வந்தன. ஒரு முதியவர் கேட்டார்: "என் சம்சாரம் கட்டில்ல படுத்திருக்கும்போது நடந்தா? அவ என்னைவிட கனம். எப்படித் தரைக்கு இறக்குறது?" வீரர்களுக்கு வகுப்பு எடுத்தபோது இந்தக் கேள்வி எழவே இல்லை, அவர்கள் விழுவது தரையில்தான். மெத்தைமேல் அழுத்தினால் விசையில் ஒரு பகுதி மெத்தைக்குள்ளேயே போய்விடும். அடுத்த மாலை ஒரு கட்டிலைக் கொண்டுவந்து போட்டோம். படுத்திருப்பவருக்கு அடியில் இருக்கிற விரிப்பின் இரண்டு முனைகளையும் அக்குளுக்குப் பக்கத்தில் சுருட்டிப் பிடித்து, தலைக்கு ஆதரவு கொடுத்தபடி இழுத்து இறக்கிப் பழகினார்கள். கால் முதலில், இடுப்பு அடுத்து, தலை கடைசியில். முதியவர் இரண்டாவது முறையில் தனியாகவே இறக்கிவிட்டார். இறக்கவே முடியாத நிலை என்றால் மெத்தைமேலேயே அழுத்துங்கள், சும்மா நிற்பதைவிட அது மேல் என்றும் சொல்லிக்கொடுத்தோம். முட்டி வலிக்காரர்களுக்கு முட்டிக்கடியில் தலையணை.

பிள்ளைகளைப் பற்றி எனக்கு உறுதியான கருத்து உண்டு: அவர்களை வேடிக்கை பார்க்க விடக் கூடாது. 2015இல் உலக சுகாதார நிறுவனம் ஆதரித்த பள்ளிப் பிள்ளைகளுக்கான திட்டம் 12 வயதிலிருந்து ஆண்டுக்கு இரண்டு மணி நேரம் கற்றுக்கொடுக்கச் சொல்கிறது. அதற்கும் சின்னவர்களுக்கு முழு ஆழத்துக்கு அழுத்த எடை போதாது. ஆனால் போனை ஸ்பீக்கரில் போடுவது, வீட்டு முகவரியைத் தெளிவாகச் சொல்வது, வாசல் கதவைத் திறந்து வைப்பது, எண்ணிக்கை சொல்வது எல்லாம் அவர்களால் முடியும். எங்கள் வகுப்பில் பல பிள்ளைகளுக்குத் தங்கள் முகவரி முழுதாகத் தெரியவில்லை. ஒரு மாலை முழுக்க அதையே சொல்ல வைத்தோம்.

பெண்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டிருந்த ஒன்றை ஒரு அக்கா வெளிப்படையாகக் கேட்டார்: "மெஷினை ஒட்டுறதுக்குச் சட்டையைக் கழற்றணும்னு சொல்றீங்க. பொம்பளைன்னா யாராவது தொடுவாங்களா சார்?" பொது இடத்தில் விழுகிற பெண்களுக்கு ஆண்களைவிடக் குறைவாகவே சிபிஆர் கிடைக்கிறது என்று பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன, அவர் கேட்டது வெறும் கூச்சமில்லை. அன்றிலிருந்து பொம்மைக்கு மேல்சட்டையும் உள்ளாடையும் போட்டுவிட்டோம். அவர் சொன்ன மெஷின்தான் ஏஇடி, குலைந்த இதயத்துடிப்பைச் சீராக்க மின் அதிர்ச்சி கொடுக்கிற கருவி. அதன் பேட், அதாவது மார்பில் ஒட்டுகிற தகடு, வெற்றுத் தோலில் ஒட்ட வேண்டும், துணியை வெட்டலாம், சுற்றி நிற்பவர்கள் முதுகைக் காட்டி மறைத்து நிற்கலாம். வீரர்களே கத்தரிக்கோலைக் கையில் எடுத்து வெட்டிப் பழகினார்கள். முதல் நாள் கை நடுங்கிய ஒரு பையன் நான்காம் நாள் பேசிக்கொண்டே வெட்டினான்.

ஏஇடி கிளப்பில் ஏற்கெனவே ஒன்று இருந்தது. யாரோ நல்லெண்ணத்தில் கொடுத்தது, திருடு போய்விடுமோ என்று அலுவலக அலமாரியில் பூட்டி வைத்திருந்தார்கள். ஐந்தாம் மாலை ஒத்திகை: மைதானத்தின் கடைசி மூலையில் பொம்மை, ஒருவர் ஏஇடி எடுக்க ஓட வேண்டும். சாவி வைத்திருந்தவர் வேறு எங்கோ இருந்தார். அவரைத் தேடிப் பிடித்து அலமாரியைத் திறந்து கொண்டுவருவதற்குள் பொம்மையை அழுத்திக்கொண்டிருந்த இருவரும் மாறி மாறிக் களைத்துவிட்டார்கள். பெட்டியைத் திறந்தால் பேட்களின் காலாவதி தேதி தாண்டியிருந்தது. பேட்டில் இருக்கிற ஜெல் காய்ந்துவிட்டால் மார்பில் சரியாக ஒட்டாது. கருவியில் குறை இல்லை, யாரும் வருடக்கணக்கில் பெட்டியைத் திறக்கவில்லை, அவ்வளவுதான். மறுவாரமே புதுப் பேட் வந்தது, பெட்டி வெளிச்சுவருக்குப் போனது, பூட்டில்லாமல். மாதம் ஒருமுறை, கருவி தயாராக இருப்பதைக் காட்டுகிற பச்சை விளக்கையும் பேட்டின் தேதியையும் பார்த்துக் கையெழுத்திடுகிற பொறுப்பு ஒரு குடும்பத்துக்கு முறை வைத்துக் கொடுக்கப்பட்டது.

தொண்டையில் ஏதாவது சிக்கினால் என்ன செய்வது என்பதற்காகவே வந்த பெற்றோர் உண்டு. கடைசி மாலையை அதற்கு ஒதுக்கினோம்: முதுகில் 5 தட்டு, வயிற்றை உள்நோக்கி மேலே 5 முறை அழுத்துவது, ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு வயிற்றில் கூடாது, மார்பில்தான்.

பிறகு

ஆறு மாலையோடு விட்டிருந்தால் இதுவும் முதல் சுற்றுப்போலவே கரைந்திருக்கும். கோச்தான் வழி சொன்னார்: மாதம் ஒருமுறை வார்ம்-அப்பில் இரண்டு நிமிடம் சிபிஆர். அதற்கென்று தனி வகுப்பில்லை, யாரும் விடுப்பெடுக்க வேண்டாம். வீட்டில் சோபாத் தலையணையை வைத்துப் பிள்ளைகள் நடத்துகிறார்கள். தலையணைக்கு ஆழம் சொல்லத் தெரியாது, ஆனால் கையை எங்கே வைப்பது, தோள் எங்கே இருப்பது, வேகம் என்ன என்பதை அது மறக்க விடாது.

கடைசி வகுப்புக்கு ஐந்து மாதம் கழித்து மறுபடியும் சொல்லாமல் பொம்மையோடு போனேன். முதலில் வந்தவர் தோளைத் தட்டினார், மார்பைப் பார்த்தார், "நீ போன் பண்ணு, நீ ஏஇடி எடுத்துட்டு வா" என்று இரண்டு பேரைக் கைகாட்டிச் சொன்னார், முட்டி போட்டார். ஆழம் கொஞ்சம் குறைவு. வேகம் கொஞ்சம் அதிகம். ஆனால் அழுத்தம் நிற்கவில்லை. ஏஇடி வந்து சேர்ந்தபோதும் பேட் ஒட்டுகிற வரை ஒருவர் அழுத்திக்கொண்டே இருந்தார். நாங்கள் சொல்லிக்கொடுத்ததிலேயே பலர் மறக்கிற பகுதி அது.

இந்த ஒன்றரை ஆண்டில் கிளப்பில் யாருக்கும் இதயம் நிற்கவில்லை. இன்னொரு பையன் மயங்கி விழுந்தது மட்டும் உண்டு. இந்த முறை யாரும் தண்ணீர் தெளிக்கவில்லை, தலையைத் தூக்கவில்லை. மூச்சு இயல்பாக இருக்கிறதா என்று பார்த்தார்கள், இருந்தது. ஒருக்களித்துப் படுக்கவைத்துவிட்டு மூச்சைக் கவனித்துக்கொண்டே இருந்தார்கள். ஒருவர் அதற்குள் போனில் பேசிக்கொண்டிருந்தார்.

புதிதாகச் சேருகிற குடும்பங்களுக்கு இப்போது மூன்று மாதத்துக்கொருமுறை வகுப்பு நடக்கிறது. படிக்கட்டில் என்னோடு உட்கார்ந்திருந்த அந்த அம்மா அதில் ஒரு பங்கைத் தானாகவே கேட்டு வாங்கிக்கொண்டார். முதல் தடவை வேண்டாம் என்று நான் தடுத்துப் பார்த்தேன், அவர் கேட்கவில்லை. எல்லாரும் முட்டி போட்டு உட்கார்ந்த பிறகு, வெளியே போக விரும்புபவர்கள் போகலாம் என்று முதலில் சொல்கிறார். பிறகு தாடையைத் தொங்கவிட்டு அந்தச் சத்தத்தைப் போட்டுக் காட்டுகிறார். ஒரு இழுப்பு, மௌனம், மறுபடி ஒரு இழுப்பு. அப்புறம் எதிரில் இருப்பவர்களைப் பார்த்து, "இது குறட்டை இல்ல. எழுப்பிப் பாருங்க. எழலன்னா கீழ இறக்குங்க" என்கிறார். பொம்மையின் மார்பில் முதல் கையை வைப்பதும் அவர்தான்.